கம்ப்யூட்டர் ஏற்காத அறுபதாம் கல்யாணம்

ஐம்பத்தெட்டு வயது முடிந்துவிட்டது என்று வைத்தீஸ்வரனுக்கு ஆபீசில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிய அன்று, அவருக்கு அறுபது வயது முடிய மூன்று வாரம்தான் பாக்கி இருந்தது.

இதில் கணக்குத் தப்பு ஒன்றும் இல்லை. அவர் பிறந்தது பவ வருஷம், ஆனி மாதம், அனுஷ நட்சத்திரம். பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப்போன அவருடைய அப்பா, ஹெட்மாஸ்டர் வயதைக் கேட்டதும் இரண்டு வருஷத்தைத் தள்ளுபடி செய்து ஒரு ஜூன் முதல் தேதியைச் சொல்லிவிட்டார். பிள்ளை பிற்காலத்தில் இரண்டு வருஷம் கூடுதலாகச் சம்பளம் வாங்குவானே என்ற தொலைநோக்கு. அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் முதல் தேதியில்தான் பிறந்தார்கள். ஜாதகத்துக்கு ஒரு வயது, சர்க்காருக்கு ஒரு வயது என்று ஆளுக்கு இரண்டு வயது வைத்துக்கொண்டு எல்லாரும் சௌக்கியமாகவே இருந்தார்கள். தாம்பரத்துக்குக் கம்ப்யூட்டர் வரும்வரை.

வைத்தீஸ்வரன் பல்லாவரத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. வீடு சேலையூர்ப் பக்கம் ஒரு காலனியில். மனைவி திரிபுரசுந்தரி. ஒரே பெண் நாக்பூரில். அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. குன்றத்தூர் மலையடிவாரத்தில் ஒரு சின்ன மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

கல்யாணம் வேண்டும் என்று நின்றவள் திரிபுரசுந்தரி. அதற்குக் காரணம் இருந்தது. அவர்களுடைய முதல் கல்யாணத்தன்று, மாலை மாற்றிய கையோடு, பெண்ணின் பெரியப்பா போய்விட்டதாகத் தந்தி வந்தது. பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். தாலியைக் கட்டிவிடுவது, ஆனால் மேளத்தை நிறுத்திவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று. கெட்டிமேளம் இல்லாமல், யாருக்கோ கடுதாசி எழுதுகிற மாதிரி, ஓசைப்படாமல் அவள் கழுத்தில் தாலி ஏறியது. அன்று அழுதவளை, "போறது விடு, அறுபதாம் கல்யாணத்துலே சேர்த்து வாசிச்சுடலாம்" என்று யாரோ சமாதானம் செய்தார்கள். சொன்னவர் யாரென்று மறந்துபோயிற்று. சொன்னது மறக்கவில்லை. முப்பத்தாறு வருஷமாக அவள் அந்த மேளத்துக்குக் காத்திருந்தாள். இதற்காகவே குன்றத்தூர் பொன்னுசாமியின் நாகஸ்வரம் என்று போன தீபாவளிக்கே முடிவு செய்துவிட்டாள்.

ஆனி அனுஷம் தவறினால் அடுத்த பவ வருஷம் வர இன்னும் அறுபது வருஷம் ஆகும். அவ்வளவு நாள் பொன்னுசாமி இருப்பாரா என்பது சந்தேகம்.

வேண்டியதெல்லாம் பணம். அது இருந்தது. மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால், தென்புறநகர் ஊழியர் சேமநலச் சங்கத்தில், கணவன் மனைவி இருவர் பேரிலும் சரிபாதியாகப் பத்திரமாக இருந்தது. ஓய்வுப் பணத்தைக் கம்பெனியே நேராகச் சங்கத்துக்கு அனுப்பிவிடும். போன வருஷம் வரைக்கும் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டால் பணம் வந்துவிடும்.

"போன வருஷம் வரைக்கும்தான்" என்றார் சங்கத்தின் செயலாளர் ஸ்ரீநிவாசராகவன். ஏதோ ஒரு இலாகாவில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பேச்சில் மட்டும் ஓய்வு பெறாதவர். "வைத்தீஸ்வரன் சார், உங்கள் பணம் உங்களுடையது. அதில் கடுகளவும் சந்தேகம் வேண்டாம். அதை உங்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் இந்தச் சங்கத்தின் நோக்கம்."

"என்கிட்டேருந்தா?"

"ஆம். ஓய்வு பெற்றவர்கள் பணத்தை எடுத்துச் செலவு செய்துவிடுகிறார்கள். இந்த வியாதி நாடு முழுவதும் இருக்கிறது. அதனால் 'சுபஜீவிதம்' என்று ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வாங்கியிருக்கிறோம். கணவன், மனைவி இருவருடைய மீதி வாழ்நாளையும் அது வருஷம் வருஷமாகப் போட்டுக் காட்டிவிடும். திட்டத்தில் எந்த வருஷம் எந்தச் செலவு இருக்கிறதோ அதற்கு மட்டும் செக் கிடைக்கும். நாளைக்கு அம்மாவையும் அழைத்து வாருங்கள். ஜாதகம் வேண்டாம்."

மறுநாள் தம்பதி சமேதராகப் போனார்கள். கம்ப்யூட்டர் இருந்த அறைக்கு வெளியே பல ஜோடிச் செருப்புகள் கிடந்தன. சங்கத்திலேயே ஏ.சி. உள்ள அறை அது ஒன்றுதான். கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. அதன்மேல் ஒரு முழம் கதம்பம். திரிபுரசுந்தரி கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆப்பரேட்டர் ஜெயக்கொடி கீபோர்டின் உறையை மடித்து வைத்துவிட்டுக் கேள்விகளைத் தொடங்கினாள். முப்பது வயது, கண்ணாடி, சளிப்பிடித்த குரல். அந்த அறையிலேயே எட்டு மணி நேரம் இருப்பவளுக்குச் சளி பிடிக்காமல் என்ன செய்யும்?

"அம்மா பேரு?"

"திரிபுரசுந்தரி."

"இங்கிலீஷ்லே பேருக்கு ஏழு கட்டம்தான் மேடம். உள்ளே போற வரைக்கும் போட்டுக்கிறேன். திரிபுரா. சரிங்களா? அடுத்தது, வருஷா வருஷம் கோடைக்கு எந்த நாட்டுக்குப் போவீங்க?"

"போன வருஷம் பஸ்ஸிலே கோவளம் போனோம்" என்றார் வைத்தீஸ்வரன். "மீன் வாசனை தாங்காம உடனே திரும்பிட்டோம்."

ஜெயக்கொடி திரையில் தேடினாள். "கோவளம் இல்லீங்க. 'இதர நாடுகள்'னு போட்டுடறேன். நாய் எத்தனை?"

"நாய் கிடையாது."

"பூஜ்யம் போட்டா அடுத்த பக்கம் போகாது சார். வெளிநாட்டுலே எழுதின புரோகிராம். ஒண்ணு போட்டுக்கலாமா?"

வைத்தீஸ்வரன் மனைவியைப் பார்த்தார். "சின்னதாப் போடச் சொல்லுங்கோ" என்றாள் அவள்.

பிரிண்டர் கீச்சுக் கீச்சென்று கத்தி ஒரு நீளமான காகிதத்தை வெளியே தள்ளியது. ஜெயக்கொடி அதை இரண்டு கையாலும் எடுத்துச் செயலாளரிடம் கொடுத்தாள். அவர் எழுந்து நின்று படித்தார்.

"வாழ்த்துகள். 2007-இல் வைத்தீஸ்வரன் முடிகிறார். அதற்குப் பத்து வருஷம் கழித்து அம்மா முடிகிறார்கள். நாய் நடுவில் ஒரு தடவை மாற்றப்படுகிறது. பற்றாக்குறை மிகச் சிறியதுதான். அம்மாவுடைய கடைசி நாலு வருஷங்களில் மட்டும் காபி இல்லை."

"காபி இல்லாம நாலு வருஷம் நான் எதுக்கு இருக்கணும்?" என்றாள் திரிபுரசுந்தரி. பிறகு, அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருப்பது உறைத்தது. "இவர் எனக்கு முன்னாடியா? யார் போட்டா இதை?"

"யாரும் போடவில்லை அம்மா. சராசரி."

"சராசரியாவது மண்ணாவது. நான் மஞ்சள் குங்குமத்தோட முன்னாடி போறதா வேண்டிண்டிருக்கேன். அதை மாத்துங்கோ முதல்லே."

"அடியே, கல்யாணச் செலவைக் கேளு" என்று காதோடு சொன்னார் வைத்தீஸ்வரன்.

அதுவும் காகிதத்தில் இருந்தது. 'அறுபதாம் கல்யாணம், நாகஸ்வரம் உட்பட' என்று ஜெயக்கொடி ஒழுங்காகவே ஏற்றியிருந்தாள். எதிரே 1996 என்று விழுந்திருந்தது. ஜூன் முதல் தேதிக் கணக்குப்படி வைத்தீஸ்வரனுக்கு அறுபது முடிய இன்னும் இரண்டு வருஷம் ஆகவேண்டும்.

"இந்த வருஷம் பண்ணணுமே!"

"இந்த வருஷம் உங்களுக்கு ஐம்பத்தெட்டுதான் சார். ஐம்பத்தெட்டு வயதில் அறுபதாம் கல்யாணம் செய்வது சாஸ்திரப்படியே தப்பு" என்றார் ஸ்ரீநிவாசராகவன். "இந்த வருஷத்துக்கு ஒரே ஒரு ஒதுக்கீடுதான் இருக்கிறது. நாய் வாங்க. வேண்டுமானால் அந்த செக்கை இப்பொழுதே தருகிறேன்."

"நாய்க்கு உண்டு, நேக்கு இல்லையா?" என்றாள் திரிபுரசுந்தரி.

வீடு திரும்பும்போது தாம்பரம் சப்வேயில் சைக்கிள் மணிகளும் ஆட்டோ ஹாரன்களுமாகக் காது கிழிந்தது. பாதி வழியில், "எல்லாத்துக்கும் சத்தம் இருக்கு. நம்ம கல்யாணத்துக்குத்தான் கிடையாது" என்று மட்டும் சொன்னாள். வைத்தீஸ்வரனுக்கு அது ஏ.சி. அறையைவிடக் குளிராக இருந்தது. மறுநாளே தலைவரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

சங்கத் தலைவர் ஏகநாதன் முடிச்சூர்க்காரர். அப்பா காலத்து நெல்வயல்களை மனை மனையாகப் பிரித்து விற்றவர். விற்ற கையோடு சங்கத்தின் தலைவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர். அவர் வீட்டு வாசலில் மனை அளக்கிற கல்லும் கயிறுமாகக் கிடந்தன. சில்வர் டம்ளரில் மோர் கொடுத்துவிட்டு, கேட்டுக்கொண்டார்.

"தோ பாரு சார், எங்கப்பாரு எனக்கு வயசே சொல்லாம பூட்டாரு. புயல் அடிச்ச வருசம் பொறந்தேன்னாரு. எந்தப் புயலுன்னு கேக்கறதுக்குள்ள பூட்டாரு. நான் இன்னா, அழுதுகினா கீறேன்?"

"உங்களுக்கு அறுபதாம் கல்யாணம்?"

"அத்த வூட்டுக்காரம்மா கேக்கும்போதுலாம் ஒருவாட்டி பண்ணிக்கிறது. மூணு ஆயிட்ச்சி."

"எனக்கு ஒண்ணு போதும் சார். நீங்க தலைவர். ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

ஏகநாதன் மீசையைத் தடவினார். "சொல்லலாம். ஆனா இன்னா மேட்டருன்னா, நான் சொன்னா நாளிக்கே ஒருத்தன் வந்து மாத்திக்கச் சொல்லுவான், மாத்திக்குவேன். அது மெசினு சார். மாத்தாது. அதுக்கோசரம்தானே அத்த வாங்கிக்கீறோம். முன்னெல்லாம் பணம் இல்லேன்னு நாங்க சொன்னா, மெம்பருங்க மேசையைத் தட்டுவாங்க. இப்ப அது சொல்லுது. எல்லாம் செருப்பக் கழட்டிட்டுக் கேட்டுக்கினு போறாங்க. பேஜாரே இல்ல."

தன் சங்கத்தைப் பற்றி இத்தனை தெளிவாக யாரும் சொன்னதில்லை. வைத்தீஸ்வரன் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

அதற்கப்புறம் அவர் செய்யாததில்லை. ஜாதகத்தைக் கொண்டுபோனார். அதில் பிறந்த நேரம் நாழிகையில் இருந்ததால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. ஜோசியரின் கடிதம் கொண்டுபோனார். ஜோசியரே சங்கத்தில் உறுப்பினர் என்றும், அவருடைய முடிவு 1999-இல் வருகிறது என்றும், அவர் அதை மறுத்துப் பேசவில்லை என்றும் செயலாளர் சுட்டிக் காட்டினார். பொன்னுசாமி இரண்டு தடவை ஆள் அனுப்பினார். "அட்வான்ஸ் இல்லேன்னா வேற முகூர்த்தம் ஒத்துக்கலாமான்னு கேட்டுக்கினு வரச் சொன்னாரு." மண்டபத்துக்காரர் ஆள் அனுப்பவில்லை. தானே வந்தார்.

கடைசியாக ஒரு நாள் இரண்டு பேரும் ஜெயக்கொடி முன்னால் போய் உட்கார்ந்தார்கள். செயலாளர் இன்னும் வரவில்லை. ஜெயக்கொடி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், பிறந்த தேதி ஒரு தடவை ஏறிட்டா மாறாது. இறந்த தேதியை வேணா எத்தனை தடவையும் மாத்திக்கலாம். அந்தக் கட்டம் திறந்தேதான் இருக்கு."

"அதை மாத்தி?"

"ஜாயின்ட் அக்கவுன்ட் இல்லீங்களா? ஒருத்தரோட இறுதி நாள் இந்த வருஷத்துலே விழுந்தா, அவங்க பாதி பணம் மத்தவங்களுக்கு உடனே செக்கா வந்துடும். சர்டிபிகேட்டுகூட வேணாம். வெறும் திட்டம்தானே?"



"அவ்வளவுதானே? என்னைப் போட்டுடும்மா" என்றார் வைத்தீஸ்வரன். "நேத்திக்கேன்னு போடு."

"வாயைக் கழுவுங்கோ!" திரிபுரசுந்தரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "தாலி கட்டிக்கறதுக்குப் பணம் வேணும்னு தாலியை அறுத்துக்கறதா? எந்த ஊர் நியாயம் இது? ஏம்மா ஜெயக்கொடி, இவர் பேச்சைக் கேட்டு எதையாவது அமுக்கி வெச்சுடாதே."

"அமுக்கலை மேடம்."

அவள் உட்கார்ந்தாள். பிறகு, காய்கறிக்காரியிடம் கடைசி விலை சொல்கிற குரலில், "என்னைப் போட்டுடு" என்றாள்.

"சுந்தரி!"

"நீங்க சும்மா இருங்கோ. முன்னாடி போகணும்கிறதுதானே என் பிரார்த்தனை? தெய்வம் எப்போ கேக்குமோ. இந்த மிஷின் உடனே கேக்கறது." காகிதக் காலண்டரைப் பார்த்தாள். "வர ஏகாதசியைப் போடும்மா. போறதுன்னா ஏகாதசிலே போகணும். துவாதசிலே தகனம். மறுபடி பிறவி கிடையாது."

ஜெயக்கொடி ஏகாதசியைத் தேதியாக மாற்றிக் கட்டத்தில் போட்டு ஒரு விசையைத் தட்டினாள். திரிபுரசுந்தரி போய்ச் சேர்ந்தாள். பிரிண்டர் கத்தியது. போனவள் கைப்பையைத் திறந்து, இரண்டு கல்கண்டை எடுத்து, "இருமலுக்கு நல்லது" என்று ஜெயக்கொடியிடம் கொடுத்தாள்.

ஸ்ரீநிவாசராகவன் வந்து காகிதத்தைப் படித்தார். முதலில் அவர் முகம் மலர்ந்தது.

"அருமை! பற்றாக்குறையே இல்லை! ஒரே ஒரு மாற்றத்தில் திட்டம் முழுவதும் சரியாகிவிட்டது. கடைசி வரைக்கும் காபி இருக்கிறது. மற்ற உறுப்பினர்களுக்கும் இதை நாம் சிபாரிசு செய்யலாம்." பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு திரிபுரசுந்தரியின் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். "அம்மா, சங்கத்தின் சார்பில் என் ஆழ்ந்த அனுதாபங்கள். தாங்கள் மிக நல்ல பெண்மணியாக இருந்தீர்கள்."

"ஏதோ, உங்க ஆசீர்வாதம்" என்றாள் அவள். "கல்யாணத்துக்கு அவசியம் வரணும். பத்திரிகை இன்னும் அச்சாகலை."

"வராமல் இருப்பேனா? உறுப்பினர் மறைந்தால் பதினாறு நாளைக்குள் நிர்வாகிகள் குடும்பத்தாரைச் சந்திக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இரண்டையும் ஒரே நடையில் முடித்துவிடலாம். ஆட்டோ செலவு மிச்சம்."

ஏகாதசிக்கு மறுநாள் செக் வந்தது. கூடவே ஒரு கடிதம். 'அன்னாரைப் பிரிந்து வாடும் தங்களுக்கும் தங்கள் நாய்க்கும்' என்று தொடங்கியது. திரிபுரசுந்தரி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை நறுக்கப் போனாள்.

பணம் கைக்கு வந்ததும் எல்லாம் தானே நடந்தன. பொன்னுசாமி முன்பணம் வாங்கிக்கொண்டு, "மாமி, மூணு கட்டை சுருதிக்கு மேல வாசிக்கிறேன், மலை மேல முருகன் காதுக்கே கேக்கும்" என்று வாக்குக் கொடுத்தார். நாக்பூர் பெண் வந்தாள். மாப்பிள்ளை வந்து, பந்தலில் எதிலும் தலையிடாமல் பேப்பர் படித்தார்.

ஆனி அனுஷத்தன்று காலையில் குன்றத்தூர் மண்டபத்தில் ஹோமப் புகை கண்ணைக் கரித்தது. கலச நீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, புது வேஷ்டியும் புதுப் புடவையுமாகத் தம்பதி மணையில் உட்கார்ந்தார்கள். அறுபது வயது மாப்பிள்ளை அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐம்பத்து மூன்று வயதுக் கல்யாணப் பெண்ணின் கண் மேடை ஓரத்திலேயே இருந்தது. அங்கே பொன்னுசாமி சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார்.

மாலை மாற்றியாயிற்று. வாத்தியார் தாலியை எடுத்து நீட்டினார். நாகஸ்வரம் மெல்லத் தொடங்கிக் கெட்டிமேளத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அப்பொழுது வாசலில் ஒரு அம்பாசிடர் வந்து நின்றது.

ஸ்ரீநிவாசராகவன் முன்னால் வந்தார். கையில் ஆள் உயர மலர்வளையம். வெள்ளைப் பூ. பின்னால் ஏகநாதன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார்.

"யோவ், சொன்னா கேளுய்யா, கல்யாண வூட்ல போயி இத்த எட்துகினு வர்றியே! கார்லயே வெச்சிட்டு வாய்யா!"

"தலைவர் அவர்களே, விதி எண் நாற்பத்தொன்று" என்றார் ஸ்ரீநிவாசராகவன். நேராக மேடைக்கு ஏறினார். கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. இந்த மங்களகரமான வேளையில், நமது சங்கத்தின் மதிப்புக்குரிய உறுப்பினர் ஒருவர் ஏகாதசியன்று இயற்கை எய்தினார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அன்னாரது ஆத்மா சாந்தியடைய அனைவரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் அனுஷ்டிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வாத்தியக்காரர்கள் நிறுத்தவும்."

சாவுச் செய்தி என்று கேட்டதும் எந்த வித்வானுக்கும் கை நின்றுவிடும். பொன்னுசாமி உதட்டிலிருந்து நாகஸ்வரத்தை எடுத்துவிட்டார். தவில்காரர் குச்சியை மடியில் வைத்தார். கூட்டம் எழுந்து நின்றது. நாக்பூர் மாப்பிள்ளை பேப்பரை மடித்து வைத்தார். யார் போனது என்று தெரியாமலே எல்லாரும் தலை குனிந்தார்கள். மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை.

தாலியைக் கையில் பிடித்தபடி வைத்தீஸ்வரன் அப்படியே உறைந்தார். முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய அதே மௌனம். அவர் மனைவியைப் பார்க்கப் பயந்தார்.

திரிபுரசுந்தரி மணையிலிருந்தபடியே தலையைத் தூக்கினாள்.

"யார் செத்தா?"

ஸ்ரீநிவாசராகவன் தாழ்ந்த குரலில், மரியாதையாகச் சொன்னார். "தாங்கள்தான் அம்மா."

"நான்தானே?"

"ஆமாம்."

அவள் மேடை ஓரத்தைப் பார்த்தாள். அந்த மண்டபம் அதுவரை கேட்டிராத குரலில் கத்தினாள். "பொன்னுசாமி! செத்தவளே சொல்றேன், வாசிங்கோ! கெட்டிமேளம்!"

பொன்னுசாமி திடுக்கிட்டு எடுத்து ஊதினார். தவில் இடிந்து விழுந்தது. அந்த இடியில் தாலி ஏறியது. அட்சதை எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து விழுந்தது. பாதி மலர்வளையத்தில் விழுந்தது. ஏகநாதன் அதைப் பிடுங்கி வாசல் வாழைமரத்தில் மாட்டிவிட்டு வந்து, முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். செயலாளர் இரண்டாம் பந்தி. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, அவர் சங்கத்தின் குறிப்பேட்டில் இப்படி எழுதினார்: 'மறைந்த உறுப்பினரின் நேரடி வேண்டுகோளுக்கிணங்க, மௌனம் நாகஸ்வரத்துடன் அனுஷ்டிக்கப்பட்டது.'

கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் திரிபுரசுந்தரி இன்னும் கம்ப்யூட்டரில் செத்தே இருந்தாள். சங்கத்தில் மீதி இருந்த பணத்துக்கு வைத்தீஸ்வரனும் ஒரு நாயும் மட்டுமே வாரிசுகளாக இருந்தார்கள். அடுத்த வாரம் அவளை அழைத்துக்கொண்டு போய், உயிரோடு சேர்க்கச் சொன்னார்.

ஜெயக்கொடி உதட்டைப் பிதுக்கினாள். "தேதியை மாத்தலாம்னு சொன்னேன். ஆனா செக் போனதுக்கப்புறம் கட்டம் பூட்டிக்குச்சு சார். உயிர் வர்றதுக்கு இதுலே வழி இல்லே. 'மறுமணம்'னு ஒரு கட்டம் இருக்கு. கல்யாணப் பத்திரிகை இருந்தாப் போதும்."

பத்திரிகை இருந்தது.

"பொண்ணு பேரு?"

"திரிபுரசுந்தரி."

"திரிபுரான்னு ஏற்கெனவே இறந்தவங்க ஒருத்தர் இருக்காங்களே மேடம். அதே பேரை ஏத்துக்காது. மீதியைப் போடறேன். சுந்தரி."

செயலாளர் எழுந்து வந்து வைத்தீஸ்வரனின் கையைக் குலுக்கினார். "முதல் மனைவி மறைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இருந்தாலும் சங்கம் உறுப்பினர்களின் சொந்த வாழ்க்கையில் தலையிடாது." பிறகு புதுமணப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார். "நல்ல இடம் அம்மா. அவருடைய முதல் சம்சாரம் தங்கமானவர். அவர் பேரைக் காப்பாற்றுங்கள். நுழைவுக் கட்டணம் பக்கத்து மேசையில்."

காகிதம் வந்தது. திரும்பும் வழியில், சப்வேயின் இரைச்சலில் நின்றுகொண்டு வைத்தீஸ்வரன் அதைப் படித்துக் காட்டினார். சுந்தரிக்குக் கடைசி நாலு வருஷம் காபி கிடையாது. வைத்தீஸ்வரன் முன்னால், அவள் பின்னால். பழைய கதைதான்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் அவர். "1996-இல் அறுபதாம் கல்யாணம், நாகஸ்வரம் உட்பட. ஒதுக்கீடு அப்படியே நிக்கறது. மிஷின் கணக்குலே எனக்கு இன்னும் அறுபது ஆகலை."

திரிபுரசுந்தரி காகிதத்தை வாங்கி, அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"குன்றத்தூர் பஸ்ஸைப் பிடியுங்கோ" என்றாள். "பொன்னுசாமியை வேற யாராவது பேசிண்டு போயிடப் போறா."